கட்டளைவரிக் கோப்பிறக்கக் கருவிகள்: நிறுவலும் ஒப்பீடும்

முன்னாளில் நூலொன்றைப் பெற விரும்பியவர், ஏடு இருக்குமிடம் நாடிச் சென்று படியெடுத்து வருதல் வழக்கமாயிருந்தது. படியெடுப்பவர் கைசோர்ந்து இடையில் நிறுத்த நேர்ந்தால், நிறுத்திய இடத்தை அடையாளமிட்டு வைத்து மறுநாள் அவ்விடத்திலிருந்தே தொடர்வார். எழுதி முடிந்தபின் மூலத்தோடு ஒப்புநோக்கிப் பிழை களைவார். விட்ட இடத்திலிருந்து தொடர்தல், மூலத்தோடு ஒப்புநோக்கல் என்னும் இவ்விரு செயல்களும் இணையத்திலிருந்து கோப்புகளை இறக்குவார்க்கும் இன்றியமையாதன. ஆயினும் எம் மாணாக்கருட் பலர் இவ்விரண்டையுங் கருதாது, மேலோடியிற் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருத்தலே இறக்கும் முறையெனக் கொண்டுள்ளனர். அம்முறையினுஞ் சிறந்த முறைகள் உள. அவற்றுக்குரிய கருவிகள் விலையின்றிக் கிடைப்பன. அவற்றை நிறுவுமாற்றையும், அவை தம்முள் வேறுபடுமாற்றையும் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுக் கட்டளைகள் யாவும் தமிழெழுத்தாற் காட்டப்படுகின்றன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கில எழுத்தால் அடித்தல் வேண்டும். பெரிய எழுத்தென விதந்து கூறாத இடமெல்லாஞ் சிறிய எழுத்தே கொள்க.

தேவை யாது?

உபுண்டு என்னும் இயக்க முறைமையின் 24.04 ஆம் பதிப்பை எடுத்துக்கொள்வோம். 2024 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் வெளிவந்த இதன் மேசைக்கணினிப் பதிப்பு 5 கிகாபைற்றுக்கு மேற்பட்ட ஒரே கோப்பாக உள்ளது. கணக்கின் எளிமை கருதி 5 கிகாபைற்று என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பைற்று எட்டுப் பிற்றுகளாதலின் இது 40,000 மெகாபிற்று ஆகும். வினாடிக்கு 4 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பில் இதனை இறக்க 10,000 வினாடிகள், அஃதாவது 2 மணி 46 நிமிடம் 40 வினாடி செல்லும். பத்தில் ஒன்பது பங்கு இறங்கிய நிலையில் இணைப்பு அறுந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரின், 4.5 கிகாபைற்றுத் தரவும் இரண்டரை மணி நேரமும் வீணாகும். விட்ட இடத்திலிருந்து தொடர வல்லார்க்கோ எஞ்சிய 1,000 வினாடிகளே, அஃதாவது ஏறத்தாழப் பதினேழு நிமிடங்களே, போதுமானவை.

இது வெறும் ஏட்டுக்கணக்கன்று. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தமையை யாவரும் அறிவர். அத்தகைய காலத்தில் மூன்று மணி நேரம் இடையறாத இணைப்பை எதிர்பார்த்தல் இயலாத காரியம். அளவிட்டு விலைகொடுத்துத் தொலைபேசித் தரவு வாங்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு, வீணான ஒவ்வொரு கிகாபைற்றும் வீட்டுச் செலவில் விழும் துண்டாகும். மேலோடிகளும் சிலபோது அறுந்த இறக்கத்தைத் தொடரும். ஆயின் எத்தனை முறை மீள முயல வேண்டும், எவ்வளவு வேகத்திற் செல்ல வேண்டும் என்றெல்லாம் அவற்றுக்கு நாம் விதித்தல் எளிதன்று. கட்டளைவரிக் கருவிகளோ விதித்தவாறு ஒழுகுவன.

தோற்றமும் வளர்ச்சியும்

ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்குக் கோப்பை அனுப்பும் நெறிமுறை உலகளாவிய வலையினும் பழமையானது. இந்தியாவிற் பிறந்து அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்திற் பயின்ற அபய் பூசண் என்பார், 1971 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் எவ்.ரி.பி. எனப்படும் கோப்பு மாற்று நெறிமுறையின் முதல் வரைவை எழுதினார். வலை பரவிய பின்னர் எச்.ரி.ரி.பி. என்னும் நெறிமுறை கோப்புகளைக் கொண்டுசெல்லும் பெருவழியாயிற்று.

அவ்வழியிற் செல்லும் கருவிகளுள் மூத்தது டபிள்யூகெற் ஆகும். குரோசியரான ஹர்வோயே நிக்சிச் என்பவர் 1995 ஆம் ஆண்டின் இறுதியில் இதனை எழுதத் தொடங்கினார். முதலில் கெற்யூஆர்எல் எனப் பெயரிட்டார். அதையொத்த பெயருடைய வேறொரு மென்பொருள் உண்டென அறிந்து, 1996 ஆம் ஆண்டில் இப்போதைய பெயரைச் சூட்டினார். குனூ திட்டத்தைச் சேர்ந்த இக்கருவி எவரும் இலவசமாகப் பயன்படுத்தற்கும் திருத்துதற்கும் உரியது. இதன் இரண்டாந் தலைமுறை 2021 ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அடுத்தது கேர்ள். பிரேசில் நாட்டு இரபாயேல் சாகுலா 1996 ஆம் ஆண்டில் வெளியிட்ட எச்ரிரிபிகெற் என்னும் சிறு மென்பொருளைச் சுவீடன் நாட்டு டானியேல் ஸ்ரென்பேர்க் எடுத்து வளர்த்தார். இணைய அரட்டை அரங்கொன்றிலே நாணய மாற்று விகிதங்களை வழங்குதற்காகவே அவர் அதனை முதலில் நாடினார். 1998 ஆம் ஆண்டு மார்ச்சு 20 ஆம் நாள் அது கேர்ள் என்னும் பெயருடன் வெளிவந்தது. 2017 ஆம் ஆண்டில் அவருக்குச் சுவீடனின் பொல்ஹெம் பரிசு வழங்கப்பட்டது. சிறிய தேவையொன்று பெரிய கருவிக்கு வித்தாகும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது ஏரியா2. யப்பானியரான தற்சுகிரோ சுயிகாவா என்பவரின் ஆக்கமாகிய இது, ஒரே கோப்பைப் பல துண்டுகளாகப் பகுத்து ஒரே வேளையில் இறக்க வல்லது. பிற்றொரன்ற் என்னும் பகிர்வு முறையிலும் இது கோப்புகளைப் பெறும்.

நிறுவும் முறை

உபுண்டு, டெபியன் ஆகிய முறைமைகளை உடையார் முனையத்தைத் திறந்து, முதலில் ‘சூடோ ஏபிற் அப்டேற்’ என்றும், பின்னர் ‘சூடோ ஏபிற் இன்ஸ்ரோல் டபிள்யூகெற் கேர்ள் ஏரியா2’ என்றும் அடித்தல் வேண்டும். முற்கட்டளை கிடைக்கக்கூடிய மென்பொருள்களின் பட்டியலைப் புதுப்பிக்கும். பிற்கட்டளை மூன்று கருவிகளையும் ஒருங்கே நிறுவும். முன்னரே உள்ளவற்றை முறைமையே அறிந்து விலக்கிக்கொள்ளும். பெடோரா முறைமையில் ‘ஏபிற்’ என்பதற்குப் பதிலாக ‘டிஎன்எவ்’ என அடிக்க. அங்கு 2024 ஆம் ஆண்டின் 40 ஆம் பதிப்பு முதலாக டபிள்யூகெற் என்றால் வருவது அதன் இரண்டாந் தலைமுறையே; அஃது எவ்.ரி.பி. முகவரிகளை ஏலாது என்பதை நினைவிற் கொள்க.

மக் கணினிகளிற் கேர்ள் உடன்வருவது. ஏனையவற்றை ஹோம்பிறூ என்னும் நிறுவியை முதலில் அமைத்து, ‘பிறூ இன்ஸ்ரோல் டபிள்யூகெற் ஏரியா2’ எனப் பெறலாம். விண்டோஸ் 10 முறைமையில் 2018 ஆம் ஆண்டு இளவேனிற் புதுப்பித்தல் தொட்டுக் கேர்ள் உடன்வருகிறது. ஏனையவற்றை ‘விங்கெற் சேர்ச்’ என்னும் கட்டளையாற் றேடி, ‘விங்கெற் இன்ஸ்ரோல்’ என்பதனால் நிறுவலாம்.

விண்டோஸ் பயன்படுத்துவோர் ஒன்றனை அறிதல் நலம். விண்டோஸுடன் வரும் பழைய பவர்ஷெல்லில் ‘கேர்ள்’ என அடித்தால் உண்மையான கேர்ள் இயங்காது. அப்பெயர் அங்கே வேறொரு கட்டளைக்குப் புனைபெயராய் அமைந்துள்ளது. நூலிற் கண்டவாறு அடித்தும் பிழைச்செய்தி வருகின்றதே என மாணாக்கர் மயங்குதற்குக் காரணம் இதுவே. ‘கேர்ள்.எக்ஸ்ஈ’ என முழுப்பெயரையும் அடித்தால் உண்மைக் கருவி இயங்கும். நிறுவிய பின்னர் ஒவ்வொரு கருவியின் பெயரையும் அடித்து, ‘--வேர்ஷன்’ எனச் சேர்த்துப் பதிப்பெண் தோன்றுகின்றதா எனப் பார்த்துக்கொள்க. ஏரியா2 கருவியை இயக்குஞ் சொல் ‘ஏரியா2சி’ என்பதாகும்.

விட்ட இடத்திலிருந்து தொடர்தல்

தொடர்தல் எவ்வாறு நிகழ்கின்றது? 1997 ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்ற எச்.ரி.ரி.பி. 1.1 நெறிமுறையிலே, கோப்பின் இத்தனையாம் பைற்று முதல் அனுப்புக எனச் சேவையகத்தைக் கேட்டற்கு வழி செய்யப்பட்டது. சேவையகம் உடன்படின் 206 என்னும் விடையெண்ணுடன் எஞ்சிய பகுதியை மாத்திரம் அனுப்பும். உடன்படாத சேவையகங்களும் உள. ஆதலின் பெரிய கோப்பை இறக்கத் தொடங்குமுன், ‘கேர்ள் -ஐ -எல்’ என இரு பெரிய எழுத்துகளையும் அடுத்து முகவரியையும் அடித்து, கோப்பின் தலைப்புச் செய்தியை மாத்திரம் பெறுக. அதில் ‘அக்செப்ற்-ரேஞ்சஸ்: பைற்ஸ்’ என்னும் வரி காணப்படின் தொடர்தல் இயலும் எனத் துணியலாம்.

டபிள்யூகெற் கருவிக்கு ‘டபிள்யூகெற் -சி’ எனக் கூறி முகவரியைக் கொடுத்தல் போதும். ஓட்டத்தின் இடையே இணைப்பு அறுமாயின் இக்கருவி கேளாமலே இருபது முறை வரை மீள முயன்று, விட்ட இடத்திலிருந்து தொடரும். ‘-சி’ என்னுங் குறி, முன்னொருநாள் நின்றுபோன கோப்பை இன்று தொடர்தற்கே வேண்டுவது. கேர்ள் இவ்வாறு தானாக மீள முயலாது. ‘கேர்ள் -எல் -ஓ -சி -’ எனப் பெரிய எழுத்து மூன்றும் தனிக்கோடொன்றும் இட்டு முகவரியைக் கொடுத்தல் வேண்டும். இவற்றுள் ‘எல்’ சேவையகம் காட்டும் புதிய முகவரிக்குப் பின்செல்க என்பது. ‘ஓ’ கோப்பைச் சேவையகத்தில் உள்ள பெயராற் சேமிக்க என்பது. ‘சி’யுங் கோடும் இறங்கிய அளவைத் தானே கண்டு தொடர்க என்பது. இணைப்பு அறுந்தால் அதே கட்டளையை மீண்டுங் கொடுக்க.

ஏரியா2 இறங்கிய துண்டுகளின் கணக்கைக் கோப்பின் அருகே ‘.ஏரியா2’ என முடியும் சிறு கோப்பிற் குறித்து வைக்கும். நிமிடத்துக்கு ஒருமுறை அக்குறிப்பு எழுதப்படுதலின், மின்தடை நேரினும் பெரிதும் இழப்பில்லை. அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் எஞ்சிய துண்டுகளை மாத்திரம் தேடிப் பெறும்.

இங்கே பலர் இடறும் இடமொன்றுண்டு. டபிள்யூகெற், கேர்ள் ஆகிய இரண்டும் கோப்பின் நீளத்தைக் கொண்டே எவ்வளவு இறங்கிற்றென அறிவன. ஏரியா2 கருவியோ தொடக்கத்திலேயே முழுக் கோப்புக்கும் வேண்டிய இடத்தை வட்டில் ஒதுக்கிவிட்டுத் துண்டுகளை ஆங்காங்கே நிரப்புவது. எனவே ஏரியா2 இடையில் விட்ட கோப்பின் நீளம் முழுக் கோப்பின் நீளமாகவே தோன்றும்; உள்ளே வெற்றிடங்கள் இருக்கும். அதனை டபிள்யூகெற் தொடர முற்பட்டால், கோப்பு நிறைந்துவிட்டது எனக் கொண்டு நின்றுவிடும். ஒரு கருவியால் தொடங்கியதை அக்கருவியாலேயே முடித்தல் வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் விதி.

பல இணைப்புகளும் பந்தி முறையும்

ஏரியா2 கருவியின் பெருஞ்சிறப்பு வேகமெனக் கூறுவர். ‘ஏரியா2சி -எக்ஸ் 4 -எஸ் 4’ என முகவரியைக் கொடுத்தால் ஒரே சேவையகத்தோடு நான்கு இணைப்புகள் ஏற்படும். ‘எக்ஸ்’ என்பதற்கு உச்ச எல்லை 16 ஆகும். இதனால் வேகம் எப்போதும் மிகும் என எண்ணுதல் தவறு. சேவையகம் இணைப்பொன்றுக்கு இவ்வளவு வேகமே தருவதென வரையறுத்திருப்பின், அன்றி அச்சேவையகம் நெடுந்தொலைவில் இருத்தலால் ஓரிணைப்புத் தன் முழு வேகத்தை எய்தாதிருப்பின், பல இணைப்புகள் பயன் தரும். எமது இணைப்பே குறுகியதாயின், ஓரிணைப்பே அதனை நிரப்பிவிடும். பதினாறு திறந்தாலும் நான்கு மெகாபிற்று நான்கு மெகாபிற்றே.

பொது இணைப்பிற் பதினாறு இணைப்புகளைத் திறத்தல் வேறொரு வினாவையும் எழுப்புகின்றது. பாடசாலை ஆய்வுகூடத்திலே வினாடிக்கு 10 மெகாபிற்று வேகமுள்ள ஓர் இணைப்பைப் பத்து மாணாக்கர் பயன்படுத்துகின்றனர் எனக் கொள்வோம். ஒவ்வொருவரும் ஒவ்வோர் இணைப்பே திறப்பின் ஆளுக்கு ஏறத்தாழ 1 மெகாபிற்றுக் கிடைக்கும். அவருள் ஒருவர் பதினாறு திறப்பாராயின் இணைப்புகள் மொத்தம் 25 ஆகும். நெரிசற் காலத்தில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஏறத்தாழச் சமபங்கே கிடைத்தலின், இணைப்பொன்றுக்கு 0.4 மெகாபிற்று வரும். அவ்வொருவர் 6.4 மெகாபிற்றைக் கொள்வார். ஏனைய ஒன்பதின்மரும் ஆளுக்கு 0.4 மெகாபிற்றோடு அமைவர். பந்தியிலே ஒருவர் பதினாறு இலை போட்டு அமர்ந்தமை போன்றதே இது. பரிமாறுவோன் இலையை எண்ணுவானேயன்றி ஆளை எண்ணான்.

இதற்கு மாற்றாக வேகத்தைத் தாமே கட்டுப்படுத்தும் வழியை மூன்று கருவிகளும் தருகின்றன. டபிள்யூகெற், கேர்ள் ஆகியவற்றில் ‘--லிமிற்-ரேற்’ என்பதும், ஏரியா2 கருவியில் ‘--மாக்ஸ்-டவுன்லோட்-லிமிற்’ என்பதும் அதற்குரியன. 100கே எனக் கொடுத்தால் வினாடிக்கு 100 கிலோபைற்று என்றே பொருள், கிலோபிற்று அன்று. அஃது ஏறத்தாழ 0.8 மெகாபிற்றுக்குச் சமமாதலின், மேற்கூறிய ஆய்வுகூடத்தில் ஒருவர்க்குரிய பங்கினுள் அடங்கும்.

சேவையகத்தாரிடத்தும் இம்மரியாதை வேண்டும். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் 2005 ஆம் ஆண்டு முதல் திரட்டிவரும் நூலகம் போன்ற பொதுநலத் தளங்கள் எம் ஆராய்ச்சி மாணாக்கர்க்குப் பெருந்துணையாயுள்ளன. வேண்டிய நூல்களின் முகவரிகளை வரிக்கொன்றாய் ஒரு கோப்பில் எழுதி, ‘டபிள்யூகெற் -சி -ஐ’ எனச் சிறிய எழுத்தால் அடித்து அக்கோப்பின் பெயரைக் கொடுத்தால், அவை ஒன்றன்பின் ஒன்றாய் இறங்கும். இடையே ‘--வெயிற்=5’ எனச் சேர்த்தால் ஒவ்வொன்றுக்கும் இடையில் ஐந்து வினாடி பொறுக்கும். வேண்டிய பத்து நூலைப் பெறுதற்குப் பதிலாகத் தளம் முழுவதையுங் கவர முற்படுதல், நூலகத்துட் புகுந்து அலுமாரியோடு தூக்குதலை ஒக்கும்.

மூலத்தோடு ஒப்புநோக்கல்

இறங்கி முடிந்தது என்பதனாற் செம்மையாய் இறங்கிற்று என்பது பெறப்படாது. கேர்ள், சேவையகம் 404 எனப் பிழைச்செய்தி அனுப்பினும் அச்செய்திப் பக்கத்தையே வேண்டிய கோப்பின் பெயராற் சேமித்துவிடும். சில கிலோபைற்று அளவுள்ள கோப்பைத் திறக்க இயலாது மாணாக்கர் இடர்ப்படுதல் இதனாலேயே. ‘-எவ்’ என்னுங் குறியைச் சேர்த்தால் கேர்ள் அவ்வாறு சேமியாது பிழையென அறிவித்து நிற்கும். டபிள்யூகெற் இவ்விடத்துத் தானாகவே நின்றுவிடும். அன்றியும், மின் திடீரெனத் தடைப்படுங்கால் இறுதிப் பகுதி வட்டில் எழுதப்படாது போதலுங் கூடும்.

இவற்றை அறிதற்குரிய கருவி எஸ்.எச்.ஏ.-256 என்னும் சரிபார்ப்புத் தொகை. கோப்பு எத்துணைப் பெரிதாயினும் இக்கணிப்பு 64 குறிகள் கொண்ட ஒரு தொடரைத் தரும். கோப்பில் ஒரு பிற்று மாறினும் தொடர் முற்றிலும் வேறாகிவிடும். லினக்ஸில் ‘எஸ்எச்ஏ256சம்’ எனவும், மக் கணினியில் ‘எஸ்எச்ஏசம் -ஏ 256’ எனவும் அடித்துக் கோப்பின் பெயரைக் கொடுக்க. விண்டோஸில் ‘சேர்ற்யூற்றில் -ஹாஷ்பைல்’ என அடித்து, கோப்பின் பெயரையும் ‘எஸ்எச்ஏ256’ என்பதையும் முறையே கொடுக்க. வரும் தொடரை வெளியீட்டாளர் தந்த தொடரோடு ஒப்பிடுதல் வேண்டும்.

இவ்வொப்புநோக்கலின் இன்றியமையாமையை 2016 ஆம் ஆண்டு பெப்ரவரி 20 ஆம் நாள் நிகழ்ந்ததொன்று உணர்த்தும். அன்று லினக்ஸ் மின்ற் என்னும் இயக்க முறைமையின் இணையத்தளத்தைத் தீயோர் கைப்பற்றி, 17.3 ஆம் பதிப்பின் ஒரு வடிவத்துக்குரிய இணைப்பை மாற்றித் தீநிரல் புகுத்திய கோப்பினை வைத்தனர். அன்று இறக்கியவர்க்குக் கோப்பு இடையறாது வந்தது, இயங்கவுஞ் செய்தது. உண்மைத் தொகையோடு ஒப்பிட்டவரே வேறுபாட்டை அறியக்கூடியவராயினர். தளத்தையே கைப்பற்றினோர் அங்குள்ள தொகையையும் மாற்ற வல்லராதலின், இயன்றவிடத்து வெளியீட்டாளரின் எண்ணிமக் கையொப்பத்தையும் சரிபார்த்தல் மேலும் பாதுகாப்பாகும்.

எதற்கு எது?

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஒரு பெரிய கோப்பை அடிக்கடி அறும் இணைப்பில் இறக்கற்கும், முகவரிப் பட்டியலொன்றை இராமுழுதும் ஒழுங்காய் இறக்கற்கும் டபிள்யூகெற் ஏற்றது. சேவையகத்தோடு பேசி அதன் விடையை ஆராய்தற்கும், கோப்பை அனுப்புதற்கும், தாம் எழுதும் நிரல்களுட் பொருத்துதற்கும் கேர்ள் நிகரற்றது. அஃது ஏற்கும் நெறிமுறைகளும் இருபதுக்கு மேற்பட்டன. ஒரே கோப்பு பல தளங்களிற் கிடைக்குங்கால் அவற்றினின்றும் ஒருங்கே பெறுதற்கும், பிற்றொரன்ற் வழியாகப் பெறுதற்கும் ஏரியா2 உரியது. மூன்றுள் ஒன்றையே பயில அவகாசமுள்ள மாணாக்கர் டபிள்யூகெற் கருவியைப் பயில்க. கணினித்துறையிற் புக விழைவோர் கேர்ள் கருவியையுங் கட்டாயமாகப் பயிலுதல் வேண்டும்.

வீட்டில் இணைப்பில்லாத மாணாக்கர் பலர் எம்மிடையே உளர். கல்லூரி ஆய்வுகூடத்திலே ஒருமுறை செம்மையாய் இறக்கி, தொகையைச் சரிபார்த்து, சேமிப்புக் குச்சியிற் படியெடுத்த ஒரு கோப்பு ஒரு வகுப்பு முழுவதற்கும் போதுமானது. நாற்பது பேர் தனித்தனி இறக்கினால் 200 கிகாபைற்றாகும் தரவு, ஒருவர் இறக்கினால் ஐந்தோடு அமையும். படியெடுத்த ஒவ்வொருவரும் அதே தொகையைத் தம் கணினியிற் கணித்து ஒப்பிடின், நாற்பதாவது படியும் முதற்படியைப் போன்றே பழுதற்றது எனத் துணியலாம். ஆசிரியர்கள் ஆய்வுகூடத்தில் இதனை ஒரு பாடவேளைப் பயிற்சியாகச் செய்விப்பாராயின், மாணாக்கர் கருவியின் பயனை மாத்திரமன்றிப் பகிர்ந்துண்ணும் முறையையும் ஒருங்கே கற்பர்.